சாவியம்மா வீட்டில் மாதா

ஒன்பதாம் நாள் மாலை ஐந்து மணிக்கு மாதாவை அனுப்பி வைக்க வேண்டும் என்பது பங்குக் கோயிலின் சட்டம். சாவியம்மா அன்று மத்தியானமே மாடிக் கதவை உள்ளே பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, மாதாவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சட்டம் இதுதான். அந்தப் பங்கில் மாதா சுரூபம் ஒன்று வீடு வீடாகப் போய்த் தங்கும். மரத்தில் செய்தது, இரண்டு முழ உயரம், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். ஒரு வீட்டில் ஒன்பது நாள். அது முடிந்ததும் மாதா குழு வந்து, ஜெபமாலை சொல்லிக்கொண்டே அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும். யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு என்ற பட்டியல் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணியின் கையில் இருந்தது. அதனால் அவளுக்குப் பெயரே பட்டியல் அக்கா. ஊரில் கடிதம் விலாசம் மாறிப் போயிருக்கிறது, என் கையில் மாதா விலாசம் மாறிப் போனதில்லை என்று அவளுக்குப் பெருமை. அந்தப் பட்டியலில் தன் முறை வருவதற்குச் சாவியம்மா இரண்டரை வருஷம் காத்திருந்தாள்.

சாவியம்மாவைத் தெருவில் தெரியாதவர் கிடையாது. கீழே கடை, மேலே வீடு. கடைச் சுவர் முழுக்க ஆணியடித்து வெட்டாத சாவிகளைத் தொங்கவிட்டிருப்பாள். சாவி வெட்டும் மெஷின் போடும் கீச்சுச் சத்தத்தில், பக்கத்துக் கடைக்காரர் மெதுவாகப் பேசுவதையே மறந்துவிட்டார். கணவர் போன பிறகு கடையையும் ஒரே மகனையும் தனியாக நின்று வளர்த்தவள். ஒரு பூட்டைக் காதோரம் வைத்துக் குலுக்கினாலே அதற்கு என்ன வியாதி என்று சொல்லிவிடுவாள். கைத்தேர்ச்சி எவ்வளவோ கோபமும் அவ்வளவு.

பக்தியில் மட்டும் குறை சொல்ல முடியாது. தினமும் மாலை ஏழு மணிக்கு ஜெபமாலை, இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சலில் சொல்லியிருக்கிறாள், மின்சாரம் போன இருட்டில் சொல்லியிருக்கிறாள், ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியில் பாதி வாய் மரத்துப்போன நிலையிலும் சொல்லியிருக்கிறாள். அன்று அவள் சொன்ன 'அருள் நிறைந்த மரியே' டாக்டருக்குப் புரியவில்லை. மாதாவுக்குப் புரிந்திருக்கும்.

அந்த ஜெபமாலையில்தான் வினை வந்தது. பதினோரு மாதத்துக்கு முன்னால், மாலையின் மூன்றாவது பத்து மணிகளை உருட்டிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மகனின் போன் அடித்தது. இருபத்தாறு வயசு, அம்மாவிடமே தொழில் பழகியவன். போனைக் கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"எங்கடா?"

"ஒருத்தர் வீட்டுக்குள்ள போக முடியாம தெருவுல நிக்கிறாரும்மா."

"நிக்கட்டும். மாதா ரெண்டாயிரம் வருஷமா நிக்கிறாங்க."

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. சாவியம்மா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, "இந்த வீட்டுல ஜெபமாலை சொல்றவங்களுக்குத்தான் இடம்!" என்றாள்.

"அப்போ மாதாவே உள்ள வரணும்னாலும் உன்கிட்டதான் சாவி வாங்கணும் போல" என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கினான்.

அவன் போய்க் கால்மணி ஆவதற்குள் சாவியம்மா பூட்டை மாற்றிவிட்டாள். சாவி நுழையும் பழைய சிலிண்டரைக் கழற்றி, கடையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து வந்து மாட்டி, மொத்தம் பத்து நிமிஷ வேலை. தன் ஆயுசில் அவ்வளவு கச்சிதமாக அவள் ஒரு பூட்டு மாட்டியதில்லை. பழைய சிலிண்டரையும் தன்னுடைய பழைய சாவியையும் பித்தளைக் கழிவு டப்பாவில் எறிந்தாள். பிறகு விட்ட இடத்திலிருந்து மூன்றாவது பத்து மணியை முடித்தாள். அன்று ராத்திரி அவன் திரும்பவில்லை.

கோபம் மறுநாள் காலை காப்பி குடிப்பதற்குள் போய்விட்டது. பூட்டு போகவில்லை. அதை மறுபடி மாற்றினால் தப்பு தன்மேல் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் அல்லவா? அவனே வரட்டும், வந்து மணியை அடிக்கட்டும் என்று இருந்தாள். அவன் வரவில்லை. ஊரின் மறுகோடியில் ஏதோ ஒரு பூட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டாள். எந்தக் கடை என்று கேட்க வாய் வரவில்லை.

ஆகவே, மாதா வீட்டுக்கு வந்த முதல் நாளே சாவியம்மா விஷயத்துக்கு வந்துவிட்டாள். "நீங்களும் பெத்தவங்க. உங்க பிள்ளை பன்னிரண்டு வயசுல மூணு நாள் காணாமப் போனதுக்கே நீங்க என்ன பாடு பட்டீங்க? என் பிள்ளை போய் பதினோரு மாசம்" என்றாள். ஒன்பது நாளும் பூ மாற்றினாள், விளக்கின் திரியைத் தூண்டினாள், அவன் சின்ன வயசில் சாவியை விழுங்கியது வரை எல்லாக் கதையும் சொன்னாள். பூட்டு மாற்றிய கதையை மட்டும் சொல்லவில்லை. மாதாவிடம் அதையெல்லாம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

ஒன்பதாம் நாள் விடிந்தும் மகன் வரவில்லை. அப்போதுதான் அந்த முடிவுக்கு வந்தாள்.

"அவன் இந்தப் படி ஏறுற வரைக்கும் நீங்க இந்தப் படி இறங்கக் கூடாது" என்று மாதாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். மாதா ஒன்றும் சொல்லவில்லை. மறுப்பு சொல்லவில்லை என்று சாவியம்மா எடுத்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு மாதா குழு வந்தது. மாடிப்படி ஒடுக்கம். பதினான்கு படியில் பதினொரு பேர், மேல் படியில் பட்டியல் அக்கா, அவளுக்குப் பின்னால் பங்குச் சாமியார், அவருக்குப் பின்னால் அடுத்த முறைக்காரரான பல் டாக்டர். டாக்டர் அன்றைக்கென்று சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"சாவியம்மா, நேரமாச்சு. கதவைத் திறங்க" என்றாள் பட்டியல் அக்கா.

"மாதா இன்னைக்கு வரலக்கா. அவங்களுக்கு இங்க வேலை இருக்கு."

"வேலையா? பட்டியல்ல அப்படி எதுவும் இல்லையே!"

டாக்டர் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அம்மா, மாதா வர்றாங்கன்னு வீடு முழுக்கப் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கேன்!"

"நல்லாக் காயட்டும் டாக்டர்."

சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா, மாதா எல்லாருக்கும் தாய். நாமளே வச்சுக்கலாமா?"

"எல்லாருக்கும் தாய்னா எனக்கும் தாய்தானே ஃபாதர்? பெத்த தாய் மக வீட்டுல நாலு நாள் கூட இருந்தா, ஊரே திரண்டு வந்து கேக்குமா?"

சாமியார் யோசித்தார். குருமடத்தில் படித்த எட்டு வருஷத்தில் இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லித் தந்திருக்கவில்லை. அவர் ஒரு படி கீழே இறங்கி நின்றுகொண்டார்.

அந்தத் தெருவில் ஒரு பழக்கம். கதவு பூட்டிக்கொண்டால் யோசிக்காமல் ஒரு நம்பருக்குப் போன் போடுவார்கள். டாக்டரும் யோசிக்கவில்லை. போனை எடுத்தார், அழுத்தினார். கதவுக்கு உள்ளே மணி அடித்தது.

"வணக்கம், சாவிக் கடை."

"அம்மா, ஒரு வீடு உள்ள பூட்டிக்கிட்டு இருக்கு. கொஞ்சம் வந்து திறந்து விடணும்."

"யார் வீடுங்க?"

டாக்டர் கதவைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "உங்க வீடுதாம்மா" என்றார்.

"வீட்டுக்காரங்க சம்மதம் இல்லாம நாங்க பூட்டைத் தொடுறதில்லை. தொழில் தர்மம்" என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

படியில் யாரோ சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார்கள். பட்டியல் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷப் பட்டியலில் ஒரு நாள்கூடப் பிசகியதில்லை, இன்று பிசகுகிறது. படிக்கட்டு மின்சாரப் பெட்டியின்மேல் 'எந்தப் பூட்டும் திறக்கப்படும்' என்று போன் நம்பரோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சாவியம்மாவின் படிக்கட்டிலேயே வந்து ஒட்டிவிட்டுப் போன துணிச்சல்காரன் யார் என்று பட்டியல் அக்கா யோசிக்கவில்லை. அந்த நம்பருக்குப் போன் செய்து விலாசம் சொன்னாள். மறுமுனையில் விலாசத்தை இன்னொருமுறை சொல்லச் சொன்னார்கள். பிறகு, "வர்றேன்" என்றது ஒரு குரல்.

"பூட்டை உடைச்சா மாதாவைக் கொண்டு போறது?" என்று சாமியார் பதறினார்.

"உடைக்க மாட்டாங்க ஃபாதர், திறப்பாங்க" என்றாள் பட்டியல் அக்கா.

உள்ளே சாவியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எவன் வேண்டுமானாலும் வரட்டும், ஆறு பின் சிலிண்டர், தன் கையால் மாட்டியது, ராத்திரி வரை குடைந்தாலும் அசையாது என்று மாதாவுக்குத் தைரியம் சொன்னாள். அரைமணி நேரம் போயிருக்கும். கீழே வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. படியில் நின்றவர்கள் சுவரோரம் ஒதுங்க, காலடி கேட்டது.

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறும் காலடி. கடைசிப் படியில் மட்டும் ஒரு சறுக்கல், அந்தப் படி சற்று உயரம் குறைவு என்று இருபத்தாறு வருஷமாகத் தெரிந்தும் சறுக்குகிற கால். சாவியம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். மாதாவைத் திரும்பிப் பார்த்தாள், கதவருகே போனாள், பையில் இருந்த சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடனே திறந்திருக்கலாம். திறந்து என்ன சொல்வது என்று தெரியவில்லை.

வந்திருப்பது யார் என்று வெளியே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. தான் யாருக்குப் போன் செய்தோம் என்று பட்டியல் அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

மகன் பையைக் கீழே வைத்தான். கதவை இரண்டு தட்டுத் தட்டினான்.

"வீட்டுக்காரம்மா, சம்மதம் இருந்தாத்தான் பூட்டைத் தொடுவேன். திறக்கட்டுமா?"

அவள் சொல்லிக் கொடுத்த வார்த்தை, அவள் சொல்லிக் கொடுத்த தொனி. சாவியம்மா 'திற' என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"வீட்டுப் பிள்ளைக்கு எதுக்குச் சம்மதம்? உன்கிட்டதான் சாவி இருக்குல்ல!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று நினைவு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இருக்கு" என்றான் அவன். "ஆனா அது சேராதும்மா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் பிறந்தநாளுக்கு வந்தேன். ஏழு மணிக்கு. நீ ஜெபமாலை சொல்லிக்கிட்டு இருந்தே, வெளிய கேட்டுச்சு. மணி அடிச்சா நடுவுல எழுந்திரிக்கணுமேன்னு, சத்தமில்லாம வந்து பின்னாடி உட்காரலாம்னு சாவியைப் போட்டேன். திரும்பல. கேக் வாங்கிட்டு வந்திருந்தேன். நான் வேலை பாக்குற கடையில எல்லாரும் சாப்பிட்டோம்."

சாவியம்மா கதவில் கையை ஊன்றிக்கொண்டாள். பிறந்தநாள் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. அன்று என்ன வேண்டிக்கொண்டாள் என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அம்மா, என் பிள்ளையை என் வாசலுக்குக் கொண்டு வா என்றுதான் வேண்டினாள். மாதா கொண்டு வந்துவிட்டார். அவள் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்திலேயே, பத்தடி தூரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டு வந்து நிறுத்திவிட்டார். உள்ளே விடாதவள் இவள்தான். அதற்குப் பிறகு ஐந்து மாதம் மாதாவையே குறை சொல்லிக்கொண்டிருந்தாள், இன்றைக்கோ பூட்டியும் வைத்துவிட்டாள்.

அவமானத்தில் காது வரை சுட்டது. இருபத்திரண்டு வருஷம் ஒரு நாள் தவறாத ஜெபமாலை என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருப்பாள்! சுரூபமாக நிற்கிற அந்தத் தாய் தன் பிள்ளையைத் தேடி வந்த வழியெல்லாம் திரும்பி நடந்தவள். பிள்ளை செய்தது புரியாமல் போனபோதும் கூடவே போனவள், ஊரே கைவிட்ட நாளில் சிலுவையடியில் நின்றவள். என்ன கோபம் வந்தாலும் பூட்டு மாற்றியவள் இல்லை.

சாவியம்மா திரும்பி மாதாவைப் பார்த்தாள். "ஒண்ணு உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்" என்றாள். பிறகு கதவைத் திறந்தாள்.

படியில் இருந்த பதினொரு பேரும் அழுகைக்குத் தயாராக நின்றார்கள். டாக்டர் கைக்குட்டையைக்கூட எடுத்துவிட்டார். சாவியம்மா மகனை மேலும் கீழும் பார்த்தாள். இளைத்திருந்தான். அவன் கன்னத்தை ஒருமுறை தொட்டாள்.

"அந்த ஸ்டிக்கரை ஒட்டினது நீதானா?"

"ஆமா. நீ பாத்துட்டுத் திட்டுறதுக்காவது போன் பண்ணுவேன்னு நினைச்சேன்."

"கோணலா ஒட்டியிருக்கே" என்றாள். கையை நீட்டினாள். "சாவியைக் குடு."

"எதும்மா?"

"அந்தப் பழைய சாவி. ஸ்க்ரூ டிரைவரும் குடு."

பட்டியல் அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். "சாவியம்மா, மாதாவை..."

"ரெண்டு நிமிஷம் அக்கா. இதை முடிக்காம அவங்களை எந்த முகத்தோட அனுப்புவேன்?"

கதவின் விளிம்பில் இருந்த நீள ஸ்க்ரூவைக் கழற்றினாள், சிலிண்டரை உருவினாள், மாதாவின் காலடியில் ஒரு துணியை விரித்து உட்கார்ந்தாள். அதே கம்பெனிப் பூட்டுதான், உள்ளே இருக்கும் பின்கள் மட்டும்தான் வேறு. அவற்றைக் கொட்டிவிட்டு, மகனின் பழைய சாவியில் எந்த இடத்தில் எவ்வளவு பள்ளம் என்று பார்த்துப் பார்த்து, அதற்கேற்ற பின்னை அவன் பையிலிருந்து பொறுக்கிப் போட்டாள். புதுச் சாவி ஒன்றை அவன் கையில் கொடுத்திருந்தால் வேலை எப்போதோ முடிந்திருக்கும். அவளுக்கு அது போதவில்லை. அவன் ஐந்து மாதத்துக்கு முன்னால் போட்டுப் பார்த்த அதே சாவி திரும்ப வேண்டும்.

நான்காவது பின் வரை நன்றாகத்தான் போயிற்று. ஐந்தாவதில் இடுக்கி நழுவியது. ஸ்பிரிங் ஒன்று துள்ளிக் குதித்துக் காணாமல் போனது. எறும்பு அளவு சாமான்.

"யாரும் நகராதீங்க!" என்று அம்மாவும் மகனும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அப்புறம் நடந்ததை அந்தப் பங்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. மாதா குழு முழுவதும் உள்ளே வந்து முழங்காலில் இறங்கியது. சாமியார் அங்கியைச் சுருட்டிக்கொண்டு அலமாரிக்கு அடியில் தலையை விட்டார். டாக்டர் சலவைச் சட்டையோடு தரையில் தவழ்ந்தார். பத்து நிமிஷம் தேடியும் கிடைக்கவில்லை. பட்டியல் அக்கா முழங்காலில் நிமிர்ந்து, "எப்படியும் முட்டி போட்டாச்சு. ஜெபமாலையை ஆரம்பிச்சிடலாமா ஃபாதர்?" என்றாள்.

ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை, அன்றைக்குரிய தியானம் சந்தோஷ தேவ இரகசியங்கள். மகன் ஜன்னலோரம் தேடிக்கொண்டிருந்தான், சொல்கிறானா இல்லையா என்று தெரியவில்லை. சாவியம்மாவும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று கண்ணைத் தரையிலேயே வைத்துக்கொண்டாள், அது அவளுக்குப் பெரிய தவம். இரண்டாவது பத்து மணி முடியும்போது ஸ்பிரிங் கிடைத்தது. வாசலில் நின்று எட்டிப் பார்த்த டாக்டரின் சட்டைப் பையிலேயே விழுந்திருந்தது. அவரே தன் கையால் இடுக்கியை வாங்கி அதை உரிய குழியில் வைத்தார். கடைவாய்ப் பல்லில் வேலை பார்க்கிற கைக்கு அது ஒரு வேலையே இல்லை.

சிலிண்டரைக் கதவில் மாட்டினாள். "போட்டுப் பாரு" என்றாள்.

மகன் சாவியைப் போட்டான். திரும்பியது. அவன் அதை எடுத்தான், மறுபடி போட்டான், மறுபடி திருப்பினான். வேண்டுமென்றேதான் முகத்தைக் கதவுப் பக்கமாக வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் திருப்பிக்கொண்டிருந்தான்.

மாதா கிளம்பினார். குழுவில் இருந்த ஆண்கள் எல்லோருக்கும் தவழ்ந்ததில் இடுப்பு போய்விட்டது. சுரூபத்தை மகன் தூக்கிக்கொண்டான். "டாக்டர் வீடு வரைக்கும்தாம்மா. கோயிலுக்கு வர்றேன்னு நினைச்சுக்காதே" என்றான்.

"நான் ஒண்ணுமே நினைக்கலையே" என்றாள் சாவியம்மா. பொய்தான், ஆனால் வாயை மூடிக்கொண்டு நடக்க அவளால் முடிந்தது.

படியிறங்கும்போது பட்டியல் அக்கா திரும்பிப் பார்த்தாள். "வீட்டைப் பூட்டலையா?"

"அவன் பூட்டிட்டான்."

"உங்க சாவியை எடுத்துக்கிட்டீங்கல்ல?"

சாவியம்மா பையிலிருந்த சாவியை எடுத்துக் காட்டினாள். "இது இனிமே சேராதுக்கா. பழைய சாவியை நான் அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டேன். இந்தப் பூட்டுக்கு இப்போ இருக்கிறது ஒரே ஒரு சாவி, அது அவன்கிட்ட இருக்கு."

மாதாவைத் தோளோடு அணைத்துக்கொண்டு முன்னால் போன மகன் நின்று திரும்பினான். "கடையைத் திற. ஒரு நிமிஷத்துல உனக்கு ஒண்ணு வெட்டித் தர்றேன். இல்லைன்னா நீ எப்படி உள்ள போவே?"

கடையின் ஷட்டரைத் தாண்டித்தான் நின்றுகொண்டிருந்தார்கள். கடைச் சாவி அவள் பையில்தான் இருந்தது. உள்ளே சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் தொங்கின. சாவியம்மா கடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ வந்து திறந்து விடு" என்றாள். ஜெபமாலையை எடுத்து, மூன்றாவது பத்து மணியை ஆரம்பித்தாள்.